மைனஸ் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வரிகள்

ஜூலை 7, திங்கள்

மகள் தீப்தி பிறந்து பத்து மாதம் நான் லீவில் இருந்ததில் ஆபீஸில் மாறியவை: காபி இயந்திரம், மேனேஜர் சுனில் சாரின் தாடி, என் ஜெனரேட்டர். முதல் இரண்டையும் மன்னித்துவிடலாம்.

ஜெனரேட்டர் என்றால் கரண்ட் போனால் ஓடுவது என்று என் மாமியார் நம்புகிறார். மருமகள் பூனாவில் ஜெனரேட்டர் கம்பெனியில் இருக்கிறாள் என்று கோயமுத்தூர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். நான் திருத்தவில்லை. அது இதைவிட உபயோகமான தொழில்.

என்னுடையது ஜாவாவில் கோடு எழுதும் கோடு, அதாவது நிரல் எழுதும் நிரல். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, அடுத்த ஊசித் தேதி என்று ஒரு பட்டியலைக் கொடுத்தால் அதற்கான கிளாஸ் என்னும் நிரல் துண்டை அதுவே எழுதித் தரும். மாநிலம் முழுக்க நாற்பது கிளைகள் உள்ள ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கு மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கிளாஸ். மனிதன் உட்கார்ந்து எழுதினால் மனிதத் தன்மை போய்விடும்.

நான் வடிவமைத்தபோது விதி ஒன்றுதான். இயந்திரம் எழுதுவது தனி ஃபோல்டரில் இருக்கும். ஒவ்வொரு பில்டிலும், அதாவது நிரலைத் தொகுக்கும்போதெல்லாம், அழிந்து புதிதாகப் பிறக்கும். அதைச் சேமிக்கவும் வேண்டாம், தொடவும் வேண்டாம். மனிதர்கள் எழுதுவது வேறு கிளாஸில். எல்லா ஃபைலின் தலையிலும் ஒரு வரி போட்டிருந்தேன்: தானாக எழுதப்பட்டது, கையால் திருத்தாதீர்.

இப்போது, நான் இல்லாதபோது என் வேலையைப் பார்த்த ஸ்ரீவத்சன் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, ஆபீஸின் நிரல் களஞ்சியத்தில் சேமித்தும் வைத்திருக்கிறான். ஒவ்வொரு ஃபைலிலும் இரண்டு கோடுகள் போட்டு வேலி. வேலிக்குள் மனிதர் எழுதலாம், வெளியே இயந்திரம் எழுதும். மனிதர்கள் வேலியை மதிப்பார்களாம். பூனாவில் பிறந்து வளர்ந்தவன், சாலையில் இரு சக்கர வண்டி ஓட்டுகிறவன், இதை நம்புகிறான்.

ஜூலை 9, புதன்

அவனுடைய இன்னொரு கண்டுபிடிப்பு இன்று தெரிந்தது. பட்டியலில் ஒரு தேதி காலியாக இருந்தால் அவன் ஜெனரேட்டர் அதைக் காலியாக விடாது. இன்றைய தேதியைப் போட்டுவிடும்.

"ஏன்டா?" என்று கேட்டேன். அவன் இங்கே கட்கியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். தமிழை ஹிந்தியில் தொட்டுத்தான் சாப்பிடுவான்.

"அக்கா, டென்ஷன் எடுக்காதீங்க நா. காலியா வந்தா கிராஷ் ஆகுது. இன்னைக்கி டேட் போட்டா ஆகாது. பஸ், கதம். முடிஞ்சது."

"காலியா இருக்கிறது ஒரு தகவல்டா. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும்."

"தெரியலன்னு சொன்னா க்ளையண்ட்டு காசு குடுப்பானா அக்கா?"

சிரித்துவிட்டேன். அதுதான் என் கெட்ட குணம். அவன் ஜெயித்துவிட்டதாக எடுத்துக்கொண்டான்.

மதியம் சுனில் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். செப்டம்பர் முடிவில் ஒருவர் க்ளையண்ட் புகார்களைப் பார்க்கும் சப்போர்ட் டீமுக்குப் போக வேண்டும். மதியம் இரண்டிலிருந்து இரவு பதினொன்று வரை. "தண்டனை இல்லை, வாய்ப்பு" என்றார். அப்படியானால் அவரே எடுத்துக்கொள்ளலாமே.

தீப்தியை விடும் பாளணாகர், குழந்தைக் காப்பகம், மாலை ஆறரைக்கு மூடுகிறது. கணவர் வேலுவுக்குச் சாகண் ஃபாக்டரியில் வாரத்துக்கு வாரம் மாறும் ஷிஃப்ட். அதற்கு மேல் தீப்தியை வைத்துக்கொள்ள இந்த ஊரில் எனக்கு ஓர் ஆள் கிடையாது. ஆக, எனக்கு சப்போர்ட் என்றால் ராஜினாமா. எழுத்துரு மட்டும்தான் வேறு.

ஜூலை 11, வெள்ளி

ஐந்தரைக்கு நான் பையை எடுத்தால் நான்கு பேர் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். அந்த நான்கு பேரும் காலையில் பதினொன்றுக்கு வந்தபோது யாரும் எதையும் பார்க்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

டிசைன் மீட்டிங். நான் பன்னிரண்டு ஸ்லைடு போட்டேன், ஸ்ரீவத்சன் ஒன்று. அவனுடையதில் பச்சை நிற டிக் மார்க் இருந்தது. சுனில் சாருக்குப் பச்சை பிடிக்கும்.

"கனக், உங்களுடையது அழகு. ஆனால் அது எழுதும் கோடு எங்கேயும் தெரியவே இல்லையே" என்றார். தெரியாமல் இருப்பதுதான் அதன் அழகு என்பதை ஹிந்தியில் எப்படிச் சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள் அடுத்த மீட்டிங்காரர்கள் கதவைத் தட்டினார்கள். ஸ்ரீவத்சனுடையதே, இன்றைய தேதியோடு, இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது.

கனகவல்லியை இங்கே கனக் ஆக்கிவிட்டார்கள். கனக் என்றால் வடக்கே கோதுமையாம். பொருத்தம்தான், அரைக்கத்தான் வைத்திருக்கிறார்கள்.

வேலுவிடம் புலம்பினேன். அவர் சாகணில் கார் கதவு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் இருக்கிறார். சப்பாத்தியைக் கிழித்துக்கொண்டே கேட்டார்.

"அதென்னம்மா இத்தனை ரோசனை? கதவுல பிசிறு வந்தா நாங்க டை அச்சைச் சரி பண்ணுவோம். வர்ற கதவை எல்லாம் ஒவ்வொண்ணா அரத்துல ராவிட்டா உக்காந்திருப்போம்?"

"அதைத்தானுங்க நானும் சொன்னேன்."

"பன்னெண்டு ஸ்லைடுலயா?"

ஜூலை 24, வியாழன்

எழுதவா, வேண்டாமா. எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

ஊசி நாள் வந்தால் பெற்றோருக்குத் தானாக எஸ்.எம்.எஸ். போகும் பகுதி என்னுடையது. இன்று அதைச் சோதித்தேன். சோதனைக்குத் தீப்தியின் பெயரையும் என் நம்பரையுமே போட்டிருந்தேன். இதுவரைக்கான ஊசிகளைப் போட்டு முடித்தவள், அடுத்த தேதி இன்னும் காலி. எஸ்.எம்.எஸ். வந்தது. இன்று உங்கள் குழந்தைக்கு ஊசி. ஸ்ரீவத்சனின் இன்றைய தேதி தன் வேலையைச் செய்கிறது.

சரியான வழி, இயந்திரம் பார்த்து எழுதும் அச்சான டெம்ப்ளேட்டைத் திருத்துவது. திருத்தினால் இருநூற்றுப் பன்னிரண்டு கிளாஸும் மாறும், அவனோடு மறுபடி சண்டை, மறுபடி மீட்டிங். மணி ஐந்தே முக்கால். அப்போது பாளணாகர் நடத்தும் சுனந்தா காகூவின் போன்: தீப்திக்கு உடம்பு சுடுகிறது, நூற்றொன்று, வாருங்கள்.

அந்த ஒரு கிளாஸைத் திறந்தேன். காலியாக இருந்தால் காலி என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். தவறு இருந்த இடம் வேலிக்கு வெளியே, அதனால் என் வரியும் வேலிக்கு வெளியே. ஃபைலின் தலையில் கையால் திருத்தாதீர் என்று நான் எழுதிய வரி இருந்தது. அதைத் தாண்டித்தான் கீழே போனேன். நாளைக்கு டெம்ப்ளேட்டைச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

சேமித்துவிட்டு ஓடினேன். ஆட்டோவில் மழை உள்ளேயும் பெய்தது.

ஜூலை 27, ஞாயிறு

மூன்று நாள் ஜுரம். இன்று இறங்கியது. வேறு எதுவும் ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ரிலீஸ். மருத்துவமனைக்காரர்கள் கடைசி நிமிஷத்தில் குழந்தையின் அப்பா போன் நம்பரும் பட்டியலில் வேண்டும் என்றார்களாம். ஸ்ரீவத்சன் சேர்த்தான், ஜெனரேட்டரை ஓடவிட்டான், அனுப்பினான். சுனில் சார் வடா பாவ் வாங்கித் தந்தார். நானும் ஒன்று சாப்பிட்டேன். எண்ணெய் நல்லதாக இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு எஸ்.எம்.எஸ். சத்தம். இன்று தீப்தியின் தடுப்பூசி நாள்.

என் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக எழுந்ததில்லை. ஊசி அட்டையைத் தேடினேன். பீரோ, பால் பவுடர் அலமாரி, வேலுவின் ஹெல்மெட் பை. எந்த ஊசியை விட்டோம், எத்தனை நாள் தாமதம், அதனால்தான் போன வாரம் ஜுரமா? வேலு கண்ணைத் திறக்காமல், "மேசை ட்ராயர்ல இருக்குது" என்றார். எடுத்துப் பார்த்தேன். எல்லாம் போட்டாகிவிட்டது. மூன்று தடவை பார்த்த பிறகுதான் அனுப்பியவர் பெயரைப் பார்த்தேன்.

அது என்னுடைய எஸ்.எம்.எஸ். நான் எழுதிய வாசகம். சோதனைக்குப் போட்ட தீப்தியை லைவ் போகும்போது யாரும் நீக்கவில்லை. நானும்தான்.

பதினோராயிரம் வீடுகளுக்குப் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, மழை. நாற்பது கிளைகளின் வாசலிலும் பிள்ளைகளைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு அம்மாக்கள். ஊசி முடித்து ஏழு வருஷமான பையனைக்கூட ஒரு அப்பா கூட்டி வந்தாராம். அவர்கள் எல்லோரும் காலை ஏழு மணிக்கு என்னைப்போல் பீரோவைக் கிளறியிருப்பார்கள். எல்லோருக்கும் மேசை ட்ராயர் சொல்ல ஓர் ஆள் இருந்திருக்காது.

என் வரி எங்கே போயிற்று? அதுதான் எனக்குத் தெரியுமே. வெள்ளிக்கிழமை இயந்திரம் புதிதாக எழுதியபோது வேலிக்கு வெளியே இருந்ததைத் துடைத்துவிட்டது. துடைப்பதுதான் அதன் வேலை. நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

எல்லோரும் ஸ்ரீவத்சனைத் திட்டுகிறார்கள். இன்றைய தேதி போடும் யோசனை அவனுடையது, ஓடவிட்டதும் அவன். சுனில் சார் எல்லோர் முன்னாலும், "கனக் அன்றைக்கே சொன்னார்" என்றார். பன்னிரண்டு ஸ்லைடையும் அவர் பார்த்திருக்கிறார் என்று இன்றுதான் தெரிந்தது.

நான் என்ன செய்தேன்? தண்ணீர் குடித்தேன். அடக்கமான பெண் என்று நினைத்திருப்பார்கள்.

டீ எடுக்கப் போன இடத்தில் ஸ்ரீவத்சன்.

"அக்கா, அந்த ஃபைல் ஹிஸ்டரில ஒரு ரெட் லைன் இருக்கு, டெலீட் ஆனது. பாத்தீங்களா?"

"எந்த ரெட் லைன்?" என்றேன். முகத்தை எப்படி வைத்திருந்தேனோ.

"அச்சா, பாக்கல." அவன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். "ட்வெண்டி ஃபோர்த் ஜூலை, ஃபைவ் ஃபார்ட்டி செவன். யாரோ ஒரு லைன் போட்டாங்க. கரெக்ட் லைன். வெள்ளிக்கிழமை நான் ஓட்டினேன், போயிடுச்சி."

என் டிசைனாக இருந்திருந்தால் அந்த ஃபைலே சேமிக்கப்பட்டிருக்காது. சிவப்பு வரியும் இருந்திருக்காது. அவனுடைய குப்பைத்தொட்டி டிசைன்தான் என் கைரேகையைப் பத்திரமாக வைத்திருக்கிறது.

"நீ அனுப்புறதுக்கு முன்னாடி பாக்கலியா?"

"டூ ஹண்ட்ரட் டுவெல்வ் ஃபைலு, அக்கா. மூணு பாத்தேன். அப்ரூவ் அமுக்கிட்டேன்."

"சார்கிட்ட சொல்லிட்டியா?"

"எதுக்கு? இப்ப என் பேரு மட்டும் இருக்கு. சொன்னா ரெண்டு பேரு. எங்க வீட்ல கைக்கொழந்தை இல்ல நா. நைட்டு லேட்டா போனா அம்மா கத்துவாங்க. அவ்ளோதான்."

அவனைக் கெட்டவன் என்று நினைக்க இந்த ஒரு மாதமாக எவ்வளவு உழைத்திருக்கிறேன். ஒரு டீயில் கெடுத்துவிட்டான். கருணை வேறு. காலித் தேதிக்கு இன்றைய தேதி போட்டவன் எனக்குக் கருணை காட்டுகிறான். எனக்கு எரிச்சலாக — இல்லை. வெட்கமாக இருக்கிறது. எரிச்சல் என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சொல்லாவிட்டால் அவன் சப்போர்ட்டுக்குப் போவான், நான் ஐந்தரைக்கு வீட்டுக்குப் போவேன். யாருக்கும் ஒன்றும் ஆகாது. அவனே சொல்லிவிட்டான். அப்புறம் ஏன் தூங்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வேலுவிடம் சொன்னேன். முழுதும் கேட்டார்.

"சொல்லிப்போடு கண்ணு. நீ தூங்க மாட்டீங்கிற. நீ தூங்காட்டி நானும் தூங்க முடியாது. எனக்கு ஆறு பத்துக்கு பஸ்ஸு."

"சப்போர்ட்டுல போட்டுட்டாங்கன்னா? வேலையை விடோணும்."

"அப்ப விட்டுட்டுப் பாத்துக்கலாம்."

"நானு விட்டுட்டு, நீங்க பாத்துக்குவீங்களா?"

அவர் அலாரம் வைக்கப் போனைத் தேடினார். நல்ல மனிதர்தான். தியாகம் என்றால் யாருடையது என்பதில் மட்டும் கொஞ்சம் மறதி.

ஆனால் சொல்லிப்போடு என்ற முதல் பாதி சரி. நடந்தது ஏன் என்று எழுதும் அறிக்கையை என்னிடம்தான் கொடுத்திருந்தார்கள், நான்தான் நடுநிலையாம். எழுதினேன். ஜூலை 24, மாலை 5.47, வேலிக்கு வெளியே கையால் திருத்தியது கனகவல்லி. டெம்ப்ளேட்டில் திருத்தியிருக்க வேண்டும், திருத்தவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. ஆகஸ்ட் 1, பார்க்காமல் ஒப்புதல் கொடுத்தது ஸ்ரீவத்சன். காலித் தேதியில் இன்றைய தேதி போடும் முடிவு ஜூலை 15 கூட்டத்தில் எல்லோராலும் ஏற்கப்பட்டது. எல்லோராலும் என்பதன் கீழ் கோடு போட ஆசை. போடவில்லை.

அனுப்பிவிட்டேன். அவசரத்தில் இரண்டு தடவை போய்விட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

சுனில் சார் அறிக்கையைத் திருத்தி மருத்துவமனைக்கு அனுப்பினார். பெயர்களை எடுத்துவிட்டார். கூட்டத்தையும் எடுத்துவிட்டார். மிஞ்சியது: மனிதத் தவறு.

"நேர்மை நம்முடைய மதிப்பீடுகளில் ஒன்று, கனக்" என்று தனியாகச் சொன்னார். "ஆனால் க்ளையண்ட்டுக்கு அவ்வளவு தேவையில்லை."

சாயங்காலம் ஸ்ரீவத்சன், "என் பேரையும் போட்டீங்க நீங்க" என்றான். "உண்மைதானேடா" என்றேன். "உண்மைதான்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சாக்லேட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனான். பாதிதான் இருந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

என் டிசைனுக்கே திரும்பலாம் என்று முடிவாகிவிட்டது. மருத்துவமனை கேட்டதாம், இனி இப்படி நடக்காது என்று எழுதித் தாருங்கள் என்று. பன்னிரண்டு ஸ்லைடால் முடியாததைப் பதினோராயிரம் எஸ்.எம்.எஸ். முடித்தது.

நானும் ஸ்ரீவத்சனும் சேர்ந்து உட்கார்ந்து செய்தோம். தனி ஃபோல்டர், ஒவ்வொரு பில்டிலும் புதிது. காலி என்றால் காலி. அதை வாங்கும் நிரல், காலியா என்று கேட்டுத்தான் ஆகவேண்டும், கேட்காவிட்டால் பில்டே ஆகாது. இந்தக் கடைசி யோசனை அவனுடையது. என்னுடையதைவிட நல்லது. அவனிடம் சொல்லவில்லை.

கடைசியாகச் சேமித்து வைத்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டு ஃபைலையும் களஞ்சியத்திலிருந்து அழித்தேன். ஒரே கமிட், என் பெயரில் ஒரே பதிவு. அழிக்கும்போது பாத்திரம் கழுவிக் கவிழ்த்த மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 27, புதன்

கணபதி வந்துவிட்டார். ஊரே டோல் மேளம் அடிக்கிறது. தீப்தி காதைப் பொத்திக்கொண்டே ஆடுகிறாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

இதைச் சிரிக்காமல் எழுத முடியுமா பார்க்கிறேன்.

யார் சப்போர்ட்டுக்குப் போவது என்பதை உணர்ச்சிவசப்படாமல் தீர்மானிக்க சுனில் சார் ஒரு வரைபடம் தயாரித்திருக்கிறார். காலாண்டில் யார் எத்தனை வரி எழுதினார்கள். ஸ்ரீவத்சன்: பச்சைத் தூண், ஸ்லைடின் கூரையைத் தொடுகிறது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி அவன் ஒரு பட்டனை அமுக்கியதில் இயந்திரம் எழுதியதெல்லாம் அவன் கணக்கில். கனக்: பூஜ்யக் கோட்டுக்குக் கீழே, சிவப்பில், கிணறு தோண்டினதுபோல. மைனஸ் ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

"அழித்ததும் வேலைதான் சார்" என்றேன்.

"நிச்சயமாக. ஆனால் தரவு பேசுகிறது" என்றார்.

தரவு பேசவில்லை. தரவுக்கு வாய் இருந்தால் அழும்.

ஸ்ரீவத்சன் எழுந்து நின்றான். ஹிந்தியில் சொன்னான், சார், அந்த வரிகளை நான் எழுதவில்லை, அவர் செய்த இயந்திரம் எழுதியது, அப்படிப் பார்த்தால் என்னுடையதும் அவருடையதுதான். சுனில் சார் தாடியைத் தடவினார். "அதற்குத் தனியாக ஒரு நிறம் வேண்டியிருக்கும்" என்றார்.

அக்டோபர் ஒன்றிலிருந்து நான் சப்போர்ட்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன். நல்ல இங்கிலீஷ். மூன்று தடவை படித்துப் பார்த்து அழுதேன். என்னையே பாராட்டி எழுதியதில் எனக்கே தாங்கவில்லை.

பிறகு சும்மா, வயிற்றெரிச்சலில், சப்போர்ட்டுக்கு வரும் புகார்களைத் திறந்து பார்த்தேன். மருத்துவமனை எட்டு மணிக்குத் திறக்கிறது. முக்கால்வாசிப் புகார் பதினொன்றுக்குள் வந்துவிடுகிறது. உட்கார ஆள் வருவது இரண்டு மணிக்கு. அதுவரை ஒவ்வொரு கிளையிலும் யாரோ பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் இரண்டு மணி? தோண்டிப் பார்த்தேன். அமெரிக்கா பக்கம் ஒரு க்ளையண்ட்டு இருந்தானாம். அவனுக்காக வைத்த நேரம். அவன் போய் மூன்று வருஷம் ஆகிறது.

செப்டம்பர் 15, திங்கள்

கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். எடுக்கவில்லை. ஒரே ஒரு ஸ்லைடு காட்டினேன். காலையில் உயரமாகச் சிவப்புத் தூண்கள், மதியத்துக்கு மேல் தரையோடு தரை. ஏழிலிருந்து மூன்றரை வரை நான் இருந்தால் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் இன்னொன்று. பச்சையில்.

சுனில் சார் வெகுநேரம் பச்சையைப் பார்த்தார். "இது என் யோசனை என்று மேலே சொல்லலாமா?" என்று கேட்டார்.

தாராளமாக என்றேன்.

விமான நிலையத்தில் வேலை செய்கிறவர்களுக்காகக் காகூ காலை ஆறரைக்கே கதவைத் திறந்துவிடுகிறார். நான் எத்தனையோ நாள் அந்த வழியாகப் போயும் விசாரித்ததில்லை. எட்டரைக்கு முன் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது பாவம் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அக்டோபர் 8, புதன்

சம்பளம் அதே. பதவியில் ஒரு வார்த்தை குறைவு. ஸ்ரீவத்சன் டீம் லீட் ஆகிவிட்டான். இரவு ஒன்பது மணிவரை மீட்டிங்கில் இருக்கிறான், கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. காலையில் நாசிக்கிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். ஒரு குழந்தைக்கு அடுத்த தேதி திரையில் காலியாக இருக்கிறது, பழுதா என்றாள். இல்லை, டாக்டர் இன்னும் எழுதவில்லை என்று அர்த்தம், கேளுங்கள் என்றேன். கேட்டாள். எழுதினார்கள். நான்கு நிமிஷம்.

இன்றுதான் முதல் முறையாக மூன்றரைக்கே கிளம்ப முடிந்தது. வெயில் இருக்கும்போது விமான் நகர் எப்படி இருக்கும் என்பதையே மறந்திருந்தேன். வழியெல்லாம் கற்பனை: என்னைப் பார்த்ததும் தீப்தி கையை நீட்டி ஓடி வருவாள், காகூ கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

கதவைத் திறந்தால் ஐந்து பிள்ளைகள் பாயில் வட்டமாக. நடுவில் நம்மூர் ரவாக் கேசரி மாதிரி ஷிரா. தீப்தி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்தாள். தூக்கினேன். தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி ஓர் அலறல். என் முகத்தைக் கையால் தள்ளுகிறாள். பாயை நோக்கி உடம்பை வளைக்கிறாள்.

"தீப்திச்சி ஆயி, தீப்தி அம்மா, இது காவூ நேரம்" என்றார் காகூ, தின்பண்ட நேரத்தில் வந்து நிற்கும் எல்லோரிடமும் சொல்கிற குரலில். "தினமும் நாலு மணிக்கு. இவள்தான் கடைசியில் முடிப்பாள். உட்காருங்கள்."

பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவளை இறக்கிவிட்டதும் அழுகை நின்றுவிட்டது, குழாயை மூடினாற்போல. இந்த மூன்று மாதமாக நான் ஆபீஸில் இருந்துகொண்டு இவளுக்காகக் கவலைப்பட்ட நாலு மணிகளில் எல்லாம் இவள் இங்கே ஷிரா சாப்பிட்டிருக்கிறாள்.

கால் மணி நேரம் அங்கேயே இருந்தேன். யாருக்கும் என்னால் ஒன்றும் ஆக வேண்டியிருக்கவில்லை.